புல்வெளி ரசிகரும் அறவிலை வணிகமும்

நற்பணிக்கு நிதி திரட்டும் பொருட்டுத் திறந்தவெளியில் நடத்தப்படும் ராக் இசைநிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு கருத்து, மறுக்க இடமில்லாத உண்மைபோல் வழங்கிவருகிறது. அந்நிகழ்ச்சிகளை நடத்துவோரைப் பாராட்டுவோரும் உண்டு, பழிப்போரும் உண்டு. ஆயினும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் அமரும் ரசிகரைப் பற்றிய தீர்ப்பில் மட்டும் இரு தரப்பும் கைகோத்து நிற்கின்றன. அவர் கொடையாளர் அல்லர், கேளிக்கை நாடி வந்தவர் என்பதே அத்தீர்ப்பு.

அதனை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பிறகு மறுப்பதே முறை. ரசிகரை அரங்குக்கு இழுத்துவருவது பாடகர் மீதுள்ள பித்தே அன்றிப் பசித்தவர் மீதோ நோயுற்ற குழந்தை மீதோ கொண்ட இரக்கம் அன்று. கொடுத்த பணத்துக்கு ஈடாக ஒரு மாலைப்பொழுதின் இன்பத்தை அவர் பெற்றுக்கொண்டுவிடுவதால், அவர் செய்தது கொள்முதலே தவிரக் கொடை ஆகாது. மெய்யான இரக்கம் இருந்திருந்தால் அத்தொகையை உரியவருக்கு நேரே அனுப்பியிருப்பார், மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் காவலுக்கும் ஆகும் செலவாவது மிஞ்சியிருக்கும். எந்தத் துயரின் பெயரால் கூட்டம் கூடியதோ அத்துயரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இராது. போதாக்குறைக்கு, நல்லது செய்துவிட்டோம் என்ற மனநிறைவோடு வீடு திரும்புவதால், அத்துயருக்குக் காரணமான அரசுகளைக் கேள்வி கேட்கும் வேகமும் அவரிடம் அவிந்துபோகிறது. சுருங்கச் சொன்னால், நோகாமல் நுங்கு தின்றுவிட்டு அதற்குத் தருமம் என்று பெயர் சூட்டிக்கொள்பவர் அவர்.

இவ்வாதத்தின் உறுப்புகளில் சில உண்மை. சில பாதி உண்மை. அவற்றைக் கூட்டிக் கட்டிய முடிவு தவறு. தவறு என்பதோடு நில்லாமல், யாருக்காக நிதி திரட்டப்படுகிறதோ அவர்களுக்கே அது தீங்கு விளைவிப்பதும் ஆகும்.

1. இன்பம் பெற்றவர் கொடுத்தவர் ஆகமாட்டாரா? ஆகமாட்டார் என்போர் தமிழ் மரபிலிருந்தே சான்று காட்டக்கூடும். இப்பிறப்பில் செய்த நன்மை மறுபிறப்பில் பயன் தரும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று முடமோசியார் புறநானூற்றில் பாடியிருப்பதையும், அங்கிருந்து தொடங்கும் ‘அறவிலை வணிகம்’ என்ற கண்டனத்தையும் அவர்கள் எடுத்துவைக்கலாம். ஆனால் அக்கண்டனம் எதன்மேல் பாய்கிறது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். கொடுக்கும்போதே புண்ணியத்தை வரவு வைத்துக்கொண்டு, அவ்வரவை மறைத்து, வள்ளல் என்ற பெயரையும் சேர்த்துப் பெற விழையும் மனநிலையையே அப்புலவர் இகழ்ந்தார். சீட்டு வாங்கிய ரசிகரிடம் அந்த மறைப்பு இல்லை. பாட்டுக் கேட்க வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லுகிறார்; கேட்கிறார்; கணக்கு அன்றிரவே தீர்ந்துவிடுகிறது. மறுமையில் பெறவேண்டிய பாக்கி எதுவும் அவருக்கு இல்லை, ஊரார் வாயிலிருந்து பெறவேண்டிய புகழும் இல்லை. பேரேட்டில் தம் பெயர் பொறிக்கப்பட வேண்டும், கட்டடத்தின் நெற்றியில் தம் தந்தையார் பெயர் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு காசோலை நீட்டும் பெருங்கொடையாளரை அறவிலை வணிகர் என்று அழைக்கத் துணியாத நா, பல்லாயிரவருள் ஒருவராகப் பெயரின்றி நின்ற ரசிகரை அவ்வாறு அழைப்பது விந்தை.

இதில் ஓர் ஓரவஞ்சனையும் கலந்திருக்கிறது. எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 1974ஆம் ஆண்டு ராமன் மகசேசே விருது பொதுத்தொண்டுப் பிரிவில் வழங்கப்பட்டதற்குக் காரணம், கஸ்தூர்பா நினைவு நிதி தொடங்கிப் பல நற்பணிகளுக்காக அவர் நடத்திய நிதியுதவிக் கச்சேரிகள். அக்கச்சேரிகளில் முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டியவர்களை நோக்கி, நீங்கள் நிதிக்காக வந்தீர்களா, சங்கராபரணத்துக்காக வந்தீர்களா என்று எவரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. பட்டுச்சேலையும் அங்கவஸ்திரமும் அணிந்து வந்தால் ரசனை, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ் அணிந்து வந்தால் கேளிக்கை என்பது அறநூல் வகுத்த பாகுபாடு அன்று.

2. நேரே அனுப்பியிருக்கலாமே என்னும் அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது? சீட்டு வாங்காதிருந்தால் அதே தொகையை அதே நற்பணிக்கு அந்த ரசிகர் அஞ்சலில் அனுப்பியிருப்பார் என்ற ஊகத்தின்மேல்தான் இவ்வறிவுரை நிற்கிறது. ஊகம் ஆட்டங்கண்டால் அறிவுரையும் விழும். அப்பணம் போயிருக்கக்கூடிய வேறு இடங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால், அதே பாடகரின் அடுத்த வணிக நிகழ்ச்சி, இசைத்தட்டு, மதுக்கடை, வீட்டு வாடகை என்று பட்டியல் நீளுமே தவிர, ரசிகர் பெயரையே கேட்டறியாத ஒரு பள்ளியின் வங்கிக் கணக்கு அதில் இடம்பெறாது. இல்லாத கொடையை இருக்கும் கொடையோடு ஒப்பிட்டு, இருப்பது இழிந்தது என்று தீர்ப்பளிப்பதால் யாருக்கு என்ன பயன்?

இதனை ஓர் உண்மை நிகழ்வில் பொருத்திப் பார்க்கலாம். பாடகர் நீல் யங், அவருடைய அப்போதைய மனைவி பெகி யங் ஆகியோரின் மகன் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். மூளைக்குப் பிறப்பை ஒட்டி நேரும் பாதிப்பால் உடலசைவு தடைப்படும் நிலையே பெருமூளை வாதம் எனப்படுவது. சிலருக்குப் பேச்சும் அதனால் இயலாமற்போகும். அறிவு இருந்தும் அதை வெளியிட வாய் ஒத்துழைக்காத இத்தகைய குழந்தைகளுக்கு ஏற்ற பள்ளி தம் பகுதியில் கிடைக்காததால், அப்படியொரு பள்ளியைத் தாமே தொடங்க பெகி யங்கும் வேறு சிலரும் முனைந்தனர். அம்முயற்சிக்கு முதல் திரட்டும் வகையில் 1986ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரிலுள்ள ஷோர்லைன் திறந்தவெளி அரங்கில் ஓர் இசைநிகழ்ச்சி நடத்தப்பட்டது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி, டான் ஹென்லி ஆகியோர் அதில் பாடினர். மறு ஆண்டு பள்ளி திறந்தது. பிரிட்ஜ் பள்ளி என்று பெயர் பெற்ற அந்நிறுவனம், படப் பலகை, விசை, கணினிக்குரல் போன்ற கருவிகளைக் கொண்டு, பேச்சுக்கு மாற்றாகவும் துணையாகவும் அமையும் தொடர்புமுறைகளைக் கற்பித்துப் பாடம் நடத்துவது. ஓர் எழுத்தைச் சுட்ட ஒரு குழந்தைக்கு அரை நிமிடம் ஆகக்கூடும். அந்த அரை நிமிடம் காத்திருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும்.

நிகழ்ச்சி ஒருமுறையோடு நின்றுவிடவில்லை. 1987ஆம் ஆண்டு நீங்கலாக 2016 வரை ஆண்டுதோறும், மொத்தம் முப்பது முறை, பெரும்பாலும் அதே அரங்கிலேயே நடந்தது. மேடைக்கு அருகே கூரையின் கீழ் நாற்காலிகளும் அவற்றுக்கு அப்பால் சரிந்து உயரும் புல்வெளியுமாகச் சுமார் 22,000 பேர் கொள்ளும் அவ்வரங்கு, குப்பை கொட்டி நிரப்பி மூடிய நிலத்தின்மேல் எழுப்பப்பட்டது. திறந்த முதற்பருவத்தில், ரசிகர்கள் பற்றவைத்த லைட்டர் நெருப்பு, மண்ணுக்கடியிலிருந்து கசிந்த மீத்தேன் வாயுவைத் தொட்டுப் புல்லிலேயே தீ எழுந்த நிகழ்ச்சிகளும் உண்டு. (நோகாமல் நுங்கு தின்பதாகச் சொல்லப்படுவோர் சிலவேளை தீயின்மேலும் அமர்ந்திருந்தனர் போலும்.)

முப்பது முறை என்பதில்தான் வாதத்தின் மையம் இருக்கிறது. இரக்கம் கூர்மையானது, ஆனால் குறுகிய ஆயுள் உடையது. நாளிதழில் ஒரு படம் கண்டு பொங்கி, அடுத்த படம் வரும்போது தணிந்துவிடும். பள்ளிக்கோ அடுத்த ஆண்டும் வாடகை உண்டு, அதற்கடுத்த ஆண்டும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு தவறாமல் திரும்பிவரும் தன்மை இரக்கத்தைவிடப் பித்துக்கே இயல்பாக வாய்த்திருக்கிறது. அக்டோபர் மாதக் கடற்காற்றுக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு, சென்ற ஆண்டு எந்தப் பாட்டை எந்த வரிசையில் பாடினார் என்று தர்க்கம் செய்துகொண்டு, நண்பரையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்த அந்தப் பித்தர்தான் பள்ளிக்கு நிலையான வருவாய் ஆனார். தூய நெஞ்சினரை மட்டுமே நம்பியிருந்தால் அப்பள்ளி எத்தனை ஆண்டு நின்றிருக்கும் என்பதைத் தூய்மைவாதிகள்தாம் சொல்ல வேண்டும்.

3. ரசிகர் துயரைக் காணாமல் இன்பத்தை மட்டும் காண்கிறாரா? ஷோர்லைன் அரங்கின் மேடையமைப்பை அறிந்தவர் இவ்வினாவை எழுப்பத் தயங்குவர். பாடகர்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சற்று உயர்த்தப்பட்ட மேடையில், அப்பள்ளியின் மாணவர்கள் சக்கர நாற்காலிகளில் குடும்பத்தாரோடு அமர்ந்திருப்பது அந்நிகழ்ச்சியின் வழக்கமாக இருந்தது. ஆகவே பாடகரைப் பார்க்கும் கண் அவர்களையும் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. வீட்டில் அமர்ந்து காசோலை எழுதுபவர் ஒருவரையும் பார்ப்பதில்லை. அவருடைய தூய இரக்கத்துக்கு முகம் தேவைப்படுவதில்லை. கேளிக்கை நாடி வந்தவராகச் சொல்லப்படுபவரோ மணிக்கணக்கில் அம்முகங்களுக்கு எதிரே அமர்ந்திருந்தார்.

குழந்தைகளைக் காட்சிப்பொருள் ஆக்குவது ஆகாதா இது என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்த இடம் காட்சிக்கு உரிய இடமாக மட்டும் இருந்திருந்தால் ஆகும் என்றே விடை சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் பாடகருக்கு மிக அருகில் இருக்கும் இடம் அது. பெரும்பணம் கொடுத்தாலும் ரசிகருக்குக் கிடைக்காதது. பாடிக்கொண்டிருக்கும்போதே கலைஞர்கள் புல்வெளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் இருப்பவர்களுக்காகப் பாடுவது அங்கே பலமுறை நடந்திருக்கிறது. யாருடைய முகத்தைக் காணப் பல மைல் பயணம் செய்து வந்தாரோ அவருடைய முதுகைக் காண்கிறார் ரசிகர். சீட்டின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பதில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. அந்நிகழ்ச்சியில் மின்கிட்டார் முழக்கத்தைத் தவிர்த்து, மரக்கிட்டார் முதலிய இயல்பொலிக் கருவிகளோடு பாடுவதே மரபாக இருந்தது. காதைப் பிளக்கும் ஒலிக்குப் பேர்போன மெட்டாலிக்கா குழுவே 1997இல் தன் பாடல்களை அவ்வாறு தணித்து வாசித்தது. ரசிகர் தம் விருப்பத்தை நற்பணியின்மேல் திணிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அங்கு நடந்ததோ அதற்கு நேர்மாறு.

4. அறியாமை ஒரு குற்றமா? குற்றம் என்றே கொண்டாலும் அதற்குரிய தண்டனை எது என்று பார்க்க வேண்டும். 1971 ஆகஸ்ட் 1ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ரவிசங்கர் விடுத்த வேண்டுகோளை ஏற்று ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய வங்கதேச நிதி நிகழ்ச்சி திறந்தவெளியில் நடந்தது அன்று. எனினும் பின்வந்த எல்லாத் திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கும் அதுவே தாய். ரவிசங்கரும் சரோத் மேதை அலி அக்பர் கானும் தொடக்கத்தில் சுருதி கூட்டி முடித்ததும், ஒரு பாடல் முடிந்துவிட்டதாக எண்ணி அவையினர் கைதட்டினர். சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தவர்கள் வாசிப்பை இன்னும் ரசிப்பார்கள் என்று நம்புவதாக ரவிசங்கர் மென்மையாகக் குத்திக்காட்டினார். ரசிகரின் அறியாமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை, ஏளனம் செய்வோர் இதை விடாமல் எடுத்துக்காட்டியும் வருகின்றனர்.

அவர்கள் காட்ட மறப்பது வேறு. அன்று வங்கதேசம் என்றொரு நாடு உலக வரைபடத்தில் உறுதிபெறவில்லை. டிசம்பர் 16ஆம் நாள்தான் அதன் விடுதலைப் போர் முடிந்தது. அமெரிக்க அரசு அந்நாட்டை ஏற்றுக்கொண்டது 1972 ஏப்ரலில். நிக்சன் ஆட்சி பாகிஸ்தான் பக்கம் சாய்ந்திருந்த வேளையில், அவ்வாட்சியின் குடிமக்கள் சுமார் 40,000 பேர் இரண்டு காட்சிகளாக வந்து, தம் அரசு உச்சரிக்கத் தயங்கிய பெயரைத் தாங்கிய நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கினர். பீட்டில்ஸ் பிரிந்த பின் ஹாரிசனை மேடையில் காணவேண்டும் என்ற ஒரே ஆசையோடு வந்தவர் அவர்களுள் பெரும்பாலோர் என்றே வைத்துக்கொள்ளலாம். அரங்குக்குள் நுழையும்போது அறியாமல் இருந்தவர், வெளியே வரும்போது ஒரு நாட்டின் பெயரையாவது அறிந்திருந்தார். அறிந்த பின்னரே வருக என்று வாயிலில் தடுத்திருந்தால், அறிவதற்கான வாயிலும் அடைபட்டிருக்கும்.

அந்நிகழ்ச்சியில் உண்மையான பிழை ஒன்று நிகழ்ந்தது. அது ரசிகர் செய்தது அன்று. வாயில் வருவாய் 2,43,418 டாலர் யுனிசெஃப் அமைப்புக்கு உடனே போய்ச் சேர்ந்தது. வரிவிலக்குக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாததால், இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய பெருந்தொகையில் பெரும்பகுதி அமெரிக்க வருமானவரித் துறையின் தணிக்கையில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ரசிகர் சீட்டுக்காகக் கொடுத்த காசு உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கர்களும் வழக்கறிஞர்களும் கையாண்ட காசுதான் வழியில் நின்றது.

5. விலையில்லாமல் கொடுத்தால் நோக்கம் தூய்மையாகுமா? 2005 ஜூலை 2ஆம் நாள் நடந்த லைவ் எயிட் வரிசை நிகழ்ச்சிகள் இதைச் சோதித்துப் பார்த்தன. பெயர் ஒலிப்பு ஒன்றுபோல் இருப்பினும் இவை எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985ஆம் ஆண்டு நடந்த லைவ் எயிட் (Live Aid) நிகழ்ச்சியிலிருந்து வேறானவை; இவற்றின் பெயரிலுள்ள எயிட், எட்டு வல்லரசுகளின் மாநாட்டைக் குறிப்பது. நிதி திரட்டுவது நோக்கமன்று, அம்மாநாட்டின்மேல் மக்கள் அழுத்தத்தைச் செலுத்துவதே நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. லண்டன் ஹைட் பூங்கா நிகழ்ச்சிக்கான சீட்டுகள், கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே குலுக்கல் முறையில் இலவசமாக வழங்கப்பட்டன. இலவசச் சீட்டுகள் சில நாள்களிலேயே ஈபே ஏலத்தளத்தில் விலைக்கு வந்தன. நிகழ்ச்சியை முன்னின்று நடத்திய பாப் கெல்டாஃப் கொதித்தெழுந்து கண்டித்த பின்னரே அத்தளம் அவற்றை நீக்கியது.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ராஜர் வாட்டர்ஸோடு சேர்ந்து பிங்க் ஃபிளாய்ட் குழு மேடையேறும் நாளில், ரசிகர் என்ன விலையும் கொடுக்க ஆயத்தமாக இருப்பார் என்பது யாரும் அறிந்ததே. அந்த ஆயத்தத்துக்கு நற்பணியின் பக்கம் ஒரு வடிகால் வெட்டாமல் விட்டதால், அது இடைத்தரகரின் பக்கம் பாய்ந்தது. 1985 ஜூலை 13ஆம் நாள் வெம்ப்ளி திடல் நிகழ்ச்சிக்கான சீட்டு இதற்கு மாறாக அமைந்திருந்தது: விலை 25 பவுன், அதில் 5 பவுன் நுழைவுக் கட்டணம், 20 பவுன் நன்கொடை. ரசிகரின் ஆசையை மறைக்கவும் இல்லை, அதற்காக அவரை வெட்கப்படச் சொல்லவும் இல்லை. ஆசைக்கு இவ்வளவு, அறத்துக்கு இவ்வளவு என்று சீட்டிலேயே பிரித்து அச்சிட்டிருந்தனர். எது நேர்மையானது?

வெம்ப்ளியில் கூடிய சுமார் 72,000 பேர் செலுத்திய நன்கொடை, திரண்ட மொத்தத் தொகையின் பக்கத்தில் சிறியதே என்று கணக்குக் காட்டுவோர் உண்டு. பெருக்கிப் பார்த்தால் அது 14.4 லட்சம் பவுன். மொத்தமோ 10 கோடி டாலரைத் தாண்டியது. பெரும்பங்கு தொலைக்காட்சி பார்த்துத் தொலைபேசியில் கொடுத்தவர்களுடையது. கணக்கு சரி. ஆனால் தொலைக்காட்சி எதைக் காட்டியது? காலி நாற்காலிகளுக்கு முன்னால் குயீன் குழு பாடியிருந்தால், தலைக்குமேல் உயர்ந்து ஒரே நேரத்தில் தட்டும் பல்லாயிரம் கைகள் இல்லாதிருந்தால், உலகம் தொலைபேசியை எடுத்திருக்குமா? அதே நாளில் டேவிட் போவி தமக்குரிய நேரத்திலிருந்து ஒரு பாடலைக் கைவிட்டு, எத்தியோப்பியப் பஞ்சத்தின் படத்துண்டைத் திரையிட இடங்கொடுத்தார். அதைத் தொடர்ந்தே நன்கொடை பெருகியது. ரசிகருக்கு ஒரு பாட்டு நட்டம். அதற்காக யாரும் கூச்சலிட்டதாகச் செய்தி இல்லை.

6. அப்பணம் எத்தியோப்பியாவில் தீங்குக்குத் துணைபோயிற்றே என்பது இவ்வரிசையிலேயே கனமான எதிர்வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்நாட்டின் மெங்கிஸ்து ஆட்சி, பஞ்சம் தாக்கிய வடபகுதி மக்களை வலுக்கட்டாயமாகத் தெற்கே குடிபெயர்த்தது. அதில் பலர் மாண்டனர். நிவாரணம் அக்குடிபெயர்ப்புக்குத் தூண்டிலாகப் பயன்படுவதாக வெளிப்படையாகக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளை, 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. பஞ்சத்தை வானம் பொய்த்ததன் விளைவாக மட்டும் காட்டி, போரையும் ஆட்சியையும் மறைத்தது அக்கால நிவாரணப் பரப்புரையின் பெருங்குறை. இவ்வளவும் ஏற்கத்தக்கதே.

ஆனால் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர் யார்? மக்களைப் பெயர்த்த அரசு, அதைக் கண்டும் வாய்மூடியிருந்த நிவாரண அமைப்புகள், எச்சரிக்கையைச் செவிமடுக்காத அறக்கட்டளைகள் என்று வரிசை நீள்கிறது. அவர்களை விட்டுவிட்டுப் புல்தரையில் நின்ற பத்தொன்பது வயது ரசிகரின் மனத்தூய்மையை ஆராய்வது, களவு போன வீட்டில் கோலம் கோணலாக இருக்கிறது என்று முறையிடுவதற்கு ஒப்பாகும். அவர் கண்ணீரோடு, முற்றும் தூய இரக்கத்தோடு அதே பணத்தை நேரே அனுப்பியிருந்தாலும் அது அதே துறைமுகத்தில் இறங்கி, அதே சாலையில் சென்று, அதே அதிகாரிகளிடம்தான் சிக்கியிருக்கும். கொடுப்பவரின் நெஞ்சம் எத்தகையது என்ற ஆராய்ச்சி, பணத்தின் பாதையைப் பற்றி ஒன்றும் சொல்லுவதில்லை. பாதையை ஆராய வேண்டியவர்களுக்கு அது வசதியான திரையாகவே உதவுகிறது.

அத்திரை இரு பக்கமும் மறைக்கும். 1985 நிகழ்ச்சியின் நிதியைக் கையாண்ட பேண்ட் எயிட் அறக்கட்டளையின் பணம் ஆயுதத்துக்குத் திருப்பப்பட்டது போன்ற எண்ணத்தைத் தன் நிகழ்ச்சி ஏற்படுத்தியதற்காக பிபிசி நிறுவனம் 2010இல் மன்னிப்புக் கேட்டது. குற்றச்சாட்டை நினைவில் வைத்திருப்போர் பலர். மன்னிப்பை நினைவில் வைத்திருப்போர் சிலர்.

7. பாடகர்கள் ஆதாயம் அடைகிறார்கள் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடைகிறார்கள். 2005 ஹைட் பூங்கா நிகழ்ச்சிக்குப் பின் பிங்க் ஃபிளாய்டின் இசைத்தட்டு விற்பனை பன்மடங்கு ஏறியபோது, அக்குழுவின் டேவிட் கில்மோர், அதனால் வரும் தம் இலாபத்தை நற்பணிக்கு அளிப்பதாக அறிவித்து, மற்றவர்களையும் அவ்வாறு செய்யுமாறு கேட்டுக்கொண்டார். கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் அதுவே. ரசிகர் அங்கும் விலை கொடுத்தவரே.

8. அரசு செய்யவேண்டியதை ரசிகர் செய்யலாமா? கடைசி அடைக்கலமாக எழுப்பப்படும் இவ்வாதம், கேட்பதற்கு முற்போக்காக ஒலிக்கிறது. குழந்தையின் கல்வி ஓர் உரிமை. அது கிட்டார் வாசிப்பவரின் தயவிலும் கேட்பவரின் சுவையிலும் தொங்கக் கூடாது. நிகழ்ச்சி நன்றாக நடக்க நடக்க அரசின் கடமை மறக்கப்படும் என்கிறது அது. முன்பாதி மறுக்கத்தக்கது அன்று. பின்பாதி நடந்த வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை.

1985இல் வெம்ப்ளி நிகழ்ச்சியின் அமெரிக்கக் கிளை நடந்த பிலடெல்பியா மேடையில், திரளும் பணத்தில் சிறிது அமெரிக்க உழவர்களின் கடனுக்கும் போகலாமே என்று பாப் டிலன் சொன்னது பொருத்தமற்ற பேச்சு என்று அன்று பலராலும் கடியப்பட்டது. பத்தே வாரத்தில், செப்டம்பர் 22ஆம் நாள், இலினாய் மாநிலத்தின் சாம்பெய்ன் நகரத் திடலில் முதல் ஃபார்ம் எயிட் நிகழ்ச்சி நடந்தது. அதை நடத்திய வில்லி நெல்சனும் ஜான் மெலன்கேம்பும் பின்னர்க் கடனில் மூழ்கிய உழவர்களை அழைத்துக்கொண்டு போய் நாடாளுமன்றத்தின் முன் சாட்சியம் சொல்லவைத்தனர். 1987இல் வேளாண் கடன் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தை இசைநிகழ்ச்சியே ஈன்றது என்று சொன்னால் அது மிகை. ஆனால் இசை அரசியலை மழுங்கடிக்கும் என்ற பொது விதி அந்தத் திடலில் மெய்ப்படவில்லை என்பது உறுதி.

பிரிட்ஜ் பள்ளியின் கதையும் அதையே காட்டுகிறது. மாற்றுத்திறன் கொண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளிக் கல்வி உண்டு என்று அமெரிக்கா 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிவிட்டது. உரிமை ஏட்டில் இருந்தது. பேசமுடியாத குழந்தையிடம் கணக்குப் பாடத்துக்கு விடை வாங்குவது எப்படி என்று அறிந்த ஆசிரியரைத் தேடிய பெற்றோர் பதினோராண்டு கழித்தும் தேடிக்கொண்டே இருந்தனர். அந்த இடைவெளியில்தான் ஷோர்லைன் புல்வெளி விரிந்தது. அப்பள்ளி தன் மாணவர்களைக் காலமெல்லாம் தன்னிடமே வைத்துக்கொள்ளும் நோக்கம் உடையதும் அன்று. கருவி வழியே பேசக் கற்றுக்கொண்ட குழந்தையை அதன் சொந்த ஊரின் பொதுப்பள்ளிக்குத் திருப்பி அனுப்புவதும், அங்குள்ள ஆசிரியர்களுக்கு அம்முறையைப் பயிற்றுவிப்பதும் அதன் திட்டத்தின் உறுப்புகள். 2016க்குப் பின் அந்நிகழ்ச்சி நடைபெறவில்லை. பள்ளி நடக்கிறது.